பாயிரமும் பின்னட்டையும்

பெங்களூரில் மகாத்மா காந்தி சாலையிலோ சர்ச் தெருவிலோ உள்ள ஒரு புத்தகக் கடையில், நாவல் வாங்க வருபவரைச் சற்றுக் கவனித்தால் ஒன்று புலப்படும். நூலைக் கையில் எடுத்தவுடன் அவர் முதற்பக்கத்தைத் திறப்பதில்லை. திருப்பிப் பின்னட்டையைப் படிக்கிறார். அங்கே பத்துப் பன்னிரண்டு வரிகள் அச்சாகியிருக்கும். அவ்வரிகள் அவர் உள்ளத்தில் ஏதேனும் ஓர் அசைவை உண்டாக்கினால் நூல் அவரோடு வீட்டிற்குப் போகும். இல்லையேல் அலமாரிக்கே திரும்பும். ஐந்நூறு பக்கம் எழுதியவருடைய உழைப்பின் பயன் அந்தப் பத்து வரிகளில் தொங்குகிறது என்றால் மிகையாகாது.

இவ்வரிகளுக்கு ஆங்கிலத்தில் 'பிளர்ப்' என்று பெயர். அமெரிக்க நகைச்சுவை ஆசிரியரான ஜெலட் பர்ஜஸ் என்பவர் 1907-இல் தம் நூலொன்றின் மேலுறையில் ஒரு பெண்ணின் படத்தை அச்சிட்டு, அவளுக்குப் 'பிளர்ப்' என்று பெயரும் சூட்டி, நூலை வானளாவப் புகழ வைத்தார். பிற பதிப்பாளரைக் கேலி செய்யவே அவர் அவ்வாறு செய்தார், பெயரோ நிலைத்துவிட்டது. இது காரணமாகவே போலும், நூலுக்கு விளம்பரம் எழுதுவது அச்சுப்பொறியோடு கப்பலேறி வந்த மேல்நாட்டு வழக்கம் என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். அச்சுப்பொறி அங்ஙனம் வந்தது உண்மையே. கதைக்குக் கேட்போரைத் தேடும் கலை அப்படி வந்ததன்று. அதன் வரலாற்றில் மிகப் பழைய இரண்டு செய்திகள், பெங்களூருக்குக் கிழக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள கோலாரோடு தொடர்புடையவை என்பது நம் நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

முதலாவது, குணாட்டியர் கதை. அவர் பைசாச மொழியில் ஏழு இலட்சம் சுலோக அளவுள்ள ஒரு பெருங்கதையை இயற்றிச் சாதவாகன மன்னனுக்கு அனுப்பினார் என்றும், மொழி இழிந்தது என்று மன்னன் அதனைத் தள்ளிவிட்டான் என்றும் காசுமீரத்துச் சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் எழுதிய கதாசரித்சாகரம் கூறும். மனமுடைந்த புலவர் ஒரு மலைச்சாரலில் தீ வளர்த்து, ஒவ்வோர் ஏடாக வாய்விட்டுப் படித்து, படித்த ஏட்டைத் தீயில் இட்டார். காட்டு விலங்குகள் மேய்ச்சலை மறந்து கண்ணீர் சொரிந்து சூழ்ந்து நின்று கேட்டன. அரண்மனையில் மன்னனுக்கு வந்த இறைச்சி சுவையற்றுப் போயிற்று. சமையற்காரர் வேடர்மீது பழி சொன்னார்கள். வேடர்களோ, விலங்குகள் இரை தின்னாமல் கதை கேட்டு மெலிந்தன என்று காரணம் கூறினார்கள். மன்னன் விரைந்து ஓடினான். ஆறு இலட்சம் எரிந்துபோக, ஒரு இலட்சமே எஞ்சியிருந்தது. அதனைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

கட்டுக்கதைதான். ஆயினும் விளம்பரம் எழுதுவோர் இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் நன்று. மன்னனை அசைத்தது புலவருடைய புகழுரையன்று. ஆசிரியர் தம் நூலைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கேட்டவர்களுடைய கண்ணீரே மன்னனுடைய உணவுத் தட்டு வரையில் சென்று செய்தி சொல்லிற்று. அப்பெருங்கதையைச் சமஸ்கிருதத்தில் ஆக்கியவன், 6-ஆம் நூற்றாண்டுக் கங்க மன்னனாகிய துர்விநீதன் என்று கங்கர் செப்பேடு கூறுகிறது. கங்கரின் முதல் தலைநகரம் கோலார். தமிழில் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதை அவனுடைய நூலைத் தழுவியது என்று கருதும் அறிஞர்களும் உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அதனை 1924-இல் பதிப்பித்து நமக்கு அளித்தார்.

இரண்டாவது செய்தி நன்னூலைப் பற்றியது. பவணந்தி முனிவரைக் கொண்டு அவ்விலக்கணத்தைச் செய்வித்த சீயகங்கன், மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துச் சிற்றரசன்; கங்கர் குடியினன்; குவளாலபுரம் என்னும் கோலாருக்கு உரியவன் என்ற பட்டம் பூண்டவன். நன்னூலின் தொடக்கத்திலுள்ள பாயிரப் பகுதியைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்தவர்கள் பலர். அதனை இன்று ஒரு பதிப்பகத்தார் மேசைமீது வைத்துப் படித்துப் பார்த்தால், அது நூலறிமுகத்தின் இலக்கணமாகவே தோன்றும். ஆசிரியன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டையும் பாயிரம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. காலம், களம், காரணம் என்பவற்றையும் சேர்ப்பவர் உண்டு. இவற்றுள் 'கேட்போர்', 'பயன்' என்ற இரண்டையும் பாருங்கள். இந்நூல் யாருக்கு, படித்தவர் பெறுவது யாது என்ற இவ்விரண்டு வினாக்களையே இன்றைய விளம்பர நிலையங்களும் முதலில் எழுப்புகின்றன.

இன்னும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. எத்துணைக் கற்றவனாயினும் ஒருவன் தன்னைத் தான் புகழ்தல் தகாது என்பது நன்னூலார் கொள்கை. ஆதலின் சிறப்புப்பாயிரத்தை ஆசிரியனுடைய ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, தகுதியுடைய உரைகாரனோ செய்ய வேண்டும். தற்புகழ்ச்சிக்கு நான்கு இடங்களில் மட்டும் விலக்கு அளித்திருக்கிறார். அவற்றுள் ஒன்று, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே நிற்கும்போது என்பது. புத்தக வியாபாரிகள் அனைவரும் இந்த ஒரு விலக்கினுள்தான் புகுந்துகொள்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

காப்பியங்களுக்குப் பாயிரம் போதுமானதாக இருந்தது. ஏனெனில் கதை முன்னமே தெரிந்தது. இராமன் காட்டிற்குப் போவான் என்பதை மறைத்து வைக்க வேண்டிய தேவை கம்பருக்கு இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் நாவல் வந்தபோது புதிய இக்கட்டு ஒன்று தோன்றியது. கதை ஒருவருக்கும் தெரியாது; தெரிவித்துவிட்டால் வாங்கமாட்டார்கள்; தெரிவிக்காவிட்டால் ஏன் வாங்க வேண்டும் என்று கேட்பார்கள். அச்சாகும் முன்பே கையொப்பம் வாங்கி, பணம் உதவிய பிரபுக்களின் பெயர்களை நூலின் முகப்பில் வெளியிடும் பழைய முறையும் நாவலுக்குச் சரிவரவில்லை. புராணப் பதிப்புக்குப் பொருள் தந்தால் புண்ணியம் என்று கருதிய ஜமீன்தார், கற்பனைக் கதைக்கு ஏன் தருவார்?

மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டபோது, தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்க வந்தது என்றும், நல்லொழுக்கத்தைப் புகட்டுவது என்றும் முன்னுரையில் எடுத்துரைத்தார். முன்சீப்பாக இருந்தவர் அல்லவா? தம் கதைக்காக அவரே ஒரு வழக்கை எடுத்துரைத்தது போல அது அமைந்தது. அறிவுக்கு விடுத்த விண்ணப்பம் அது. ராஜமய்யரோ நேரே உணர்ச்சியைத் தொட்டார். 1893 முதல் 'விவேக சிந்தாமணி' மாத இதழில் அவர் தொடர்ந்து எழுதிய கதையை இன்று 'கமலாம்பாள் சரித்திரம்' என்கிறோம். அதற்கு அவர் இட்ட முழுப்பெயர் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்பது. அபவாதம் யார்மீது? ஆபத்து எத்தகையது? பெயரைப் படித்த அளவில் இவ்விரு வினாக்களும் எழுகின்றன. கதையில் ஒரு சொல்லும் வெளிப்படவில்லை. ஆனால் கமலாம்பாளுக்காக நாம் கவலைப்படத் தொடங்கிவிட்டோம். தமிழ் நாவலுக்கு எழுதப்பட்ட முதல் நல்ல விளம்பரம் இத்தலைப்பே என்பது நமது கருத்து.

சென்னையிலோ குடந்தையிலோ இருந்தவர்கள் நூலை நேரிற் புரட்டிப் பார்த்து வாங்கலாம். பிற நாட்டில் வாழ்ந்த தமிழர் நிலை வேறு. பெங்களூர்த் தண்டு 1809-இல் அமைந்த காலந்தொட்டே அதைச் சுற்றித் தமிழ்க் குடியிருப்புகள் வளர்ந்தன. 1864-இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து இரயில் பாதை வந்து சேர்ந்தது. பின்னர்க் கோலார் தங்க வயலுக்கு ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தோடு வந்தார்கள். அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. தமிழ்ச் சொல் அங்கு இன்றும் ஒலிக்கிறது. இவர்களுக்கும் சென்னைப் பதிப்பகங்களுக்கும் இடையே பாலமாக நின்றது, 1877-இல் இந்தியத் தபால் இலாகா தொடங்கிய வி. பி. பி. முறை. ஒரு கார்டு எழுதிப் போட்டால் நூல் கட்டு வரும். தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் கட்டைப் பிரிக்கலாம். பிரித்துப் பார்த்து, வேண்டாம் என்று திருப்பித் தர இயலாது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். சிவாஜி நகரிலோ தங்க வயல் லைனிலோ இருந்த ஒரு வாசகர், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த ஒரு ரூபாயை நம்பிக் கொடுத்தது நூலைப் பார்த்து அன்று. பத்திரிகையின் மூலையிலோ மற்றொரு நாவலின் கடைசிப் பக்கத்திலோ இருந்த ஆறு வரி விளம்பரத்தைப் பார்த்து. அவருக்கு அந்த ஆறு வரிகள் ஓர் ஒப்பந்தப் பத்திரம். அவை பொய்யாயின் அவர் முறையிட இடமில்லை. இரண்டாம் முறை கார்டு எழுதமாட்டார், அவ்வளவே. தமிழ்ப் புத்தகக் கடை அருகில் இல்லாத ஊரில், ஏமாந்த வாசகர் ஒருவர் தமிழ் வாசிப்பையே கைவிட்டிருக்கவும் கூடும்.

துப்பறியும் நாவல்களின் காலம் இந்தத் தபால் வழியிலேதான் செழித்தது. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908-இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்டது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலேயரான ரெயினால்ட்ஸின் கதைகளைத் தழுவி 'இரத்தினபுரி இரகசியம்' முதலியவற்றை எழுதிக் குவித்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரை அறியாத வீடு இல்லை. இவர்களுடைய விளம்பரங்களில் இரட்டை வாக்குறுதி ஒன்று வழக்கமாக இருக்கும். கையில் எடுத்தால் முடிக்காமல் வைக்க மனம் வராது என்பது ஒன்று; ஆண் பெண் இருபாலாரும் படித்து நீதி உணரத் தக்கது என்பது மற்றொன்று. முதலாவது படிப்பவருக்கு, இரண்டாவது பணம் கொடுக்கும் வீட்டுப் பெரியவருக்கு! இதனைக் கண்டு புலவர்கள் முகஞ்சுளித்தார்கள். எனினும் சமையற்கட்டுக்கும் கூடத்துக்கும் இடையே ஒரு புத்தகம் செல்வதற்கு எத்தனை வாசல்களைத் தாண்ட வேண்டும் என்பதை அவ்விளம்பரம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதை மறுக்க இயலாது.

அந்த வாசலை உள்ளிருந்தே திறந்தவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தி, அதன் வழியே நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை வெளியிட்டார். ஒரு பெண்ணே ஆசிரியராகவும் பதிப்பாளராகவும் நின்றமையால், பெண்கள் படிக்கலாமா என்ற வினாவுக்கு அட்டையிலிருந்த அவர் பெயரே விடையாயிற்று. 1928-இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ். எஸ். வாசனும் விளம்பரத் தொழிலிலும் தபால் வழி விற்பனையிலும் பழகி வந்தவரே. தொலைவிலுள்ள, முகமறியாத வாங்குபவருடைய மனத்தை நினைத்து எழுதும் பயிற்சி அவருக்கு அங்கே கிடைத்தது.

கல்கியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்வோம். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' ஆகிய இரண்டு பெயர்களையும் நோக்குங்கள். கனவு நனவாகுமா? சபதம் நிறைவேறுமா? தலைப்பே பாதி வாக்கியமாக நின்று, மீதியை வாசகரிடம் கேட்கிறது. ராஜமய்யர் ஐந்து சொல்லால் செய்யத் தொடங்கியதை இவர் இரண்டு சொல்லால் செய்துவிட்டார். பெங்களூர்த் தமிழர் 'சிவகாமியின் சபத'த்தைப் படிக்கும்போது மற்றோர் உணர்ச்சியும் கலந்திருக்கும். அக்கதையில் பகைவனாக வரும் வாதாபிப் புலிகேசி, அவர்களுடைய அண்டை வீட்டாருக்குப் பெருமைக்குரிய பேரரசன் அல்லவா?

அண்டை வீட்டாரைக் குறிப்பிட்டோம். அவர்களுடைய வரலாற்றையும் சிறிது காண்போம். கன்னட நாவலின் முன்னோடிகளுள் ஒருவரான களகநாதர் (1869–1942) வடகருநாடகத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். தம் நாவல்களைத் தாமே அச்சிட்டு, மூட்டையாகச் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றார் என்று கன்னடர் இன்றும் நன்றியோடு சொல்வர். அவருடைய விளம்பரம் அவருடைய கால்களே. பெங்களூர்க் கவிபுரத்தில் வாழ்ந்த மாஸ்தி வேங்கடேச ஐயங்காரோ, கோலார் மாவட்டத்து மாலூர் வட்டத்தில் தமிழ் பேசும் குடும்பத்தில் 1891-இல் பிறந்தவர். 'சீனிவாச' என்ற அடக்கமான புனைபெயரில் எழுதினார். 1943-இல் அரசாங்க உத்தியோகத்தை விட்டு விலகி, 1944 முதல் 'ஜீவன' என்ற மாத இதழைத் தாமே நடத்தினார். 'சிக்கவீர ராஜேந்திர' என்னும் நாவலுக்காக 1983-ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. வீட்டில் தமிழ், ஏட்டில் கன்னடம் என்று வாழ்ந்த அவரைப் பெங்களூர்த் தமிழர் தம்மவராகக் கொண்டாடாமல் இருப்பது நமக்கு விளங்காத புதிர்.

இனி, இந்நகரத்தில் பிறந்த கதைகளுள் உலகெங்கும் சென்ற ஒன்றுக்கு வருவோம். சென்னைப் புரசைவாக்கத்தில் 1906-இல் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர். கே. நாராயணன், 1930-இல் பெங்களூரில் தம் பாட்டியோடு தங்கியிருந்தபோது, பாட்டி குறித்துக் கொடுத்த நன்னாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்து எழுத உட்கார்ந்தார். மால்குடி என்ற சிறிய இரயில் நிலையம் அவர் மனக்கண்முன் தோன்றியது. கதை முடிந்தது, வெளியிடுவாரில்லை. ஆங்கில நாட்டுப் பதிப்பாளர் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்பினார்கள். மனம் கசந்த நாராயணன், ஆக்ஸ்போர்டில் இருந்த தம் நண்பர் பூர்ணாவுக்கு, கையெழுத்துப் பிரதியில் ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் ஆற்றில் போட்டுவிடும்படி எழுதினார். தீ வளர்த்த குணாட்டியர் இங்கே நம் நினைவிற்கு வருகிறார். நண்பரோ அதனை ஆற்றில் போடாமல் கிரகாம் கிரீன் என்ற நாவலாசிரியரிடம் கொடுத்தார்.

கிரீன் பதிப்பாளரைத் தேடித் தந்ததோடு நிற்கவில்லை. 'சுவாமி, தி டேட்' என்றிருந்த பெயரை 'சுவாமி அண்டு பிரெண்ட்ஸ்' என்று மாற்றச் சொன்னார். கிப்ளிங்கின் பள்ளிக்கூடக் கதையொன்றை ஆங்கில வாசகருக்கு நினைவூட்டும் பெயர் அது. ஆசிரியர் பெயரையும் சுருக்கிக்கொள்ளச் சொன்னார். நாராயணசுவாமி நாராயணன் ஆனார். நூல் 1935-இல் வெளிவந்தது. 1937-இல் வந்த இரண்டாவது நாவலுக்குக் கிரீனே முன்னுரையும் எழுதினார். தக்கோன் ஒருவன் செய்த சிறப்புப்பாயிரம் என்று பவணந்தியார் மகிழ்ந்திருப்பார். ஆனால் விற்பனை? முதல் நூல் விற்கவில்லை, அப்பதிப்பாளர் விலகிக்கொண்டார். முதல் மூன்று நாவல்களை மூன்று வேறு பதிப்பாளர்கள் வெளியிட்டார்கள். நல்ல பெயர், நல்ல அணிந்துரை, நல்ல நூல் ஆகிய மூன்றும் கூடியிருந்தும் வாசகர் வரத் தாமதமாகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

1939-இல் நாராயணனின் மனைவி ராஜம் நச்சுக் காய்ச்சலால் இறந்தார். அத்துயரமே 1945-இல் வெளிவந்த 'தி இங்கிலீஷ் டீச்சர்' என்ற நாவலாயிற்று. தலைப்பைப் பாருங்கள். மனைவியை இழந்தவனுடைய கதைக்கு 'ஆங்கில ஆசிரியர்' என்று பெயர்! அழுகையை வாசலில் தொங்கவிட அவர் விரும்பவில்லை. 1953-இல் அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் கல்லூரிப் பதிப்பகத்தார் அதே நூலை வெளியிட்டபோது, வாழ்வுக்கும் சாவுக்கும் நன்றியுடையேன் என்று பொருள்படும் 'கிரேட்புல் டு லைப் அண்டு டெத்' என்ற பெயரைச் சூட்டினார்கள். நாவலின் இறுதி வாக்கியத்திலிருந்து எடுத்த சொற்களே அவை. ஆகவே பொய்யென்று குறை கூற முடியாது. ஆயினும், கதை முழுதும் நடந்து சென்று அடைய வேண்டிய அமைதியை அட்டையிலேயே எடுத்து வைத்துவிட்டார்கள். எது மேலான பெயர்? முன்பின் அறியாத அமெரிக்க வாசகரைக் கடையில் நிறுத்தி வைக்க இரண்டாவது பெயர் உதவியிருக்கக் கூடும். முதற் பெயர் வாசகரை நம்பி நிற்கிறது. நாம் முதலாவதன் பக்கமே சாய்கிறோம். இந்தியப் பதிப்புகளும் அதனையே கொண்டுள்ளன.

போர்க்காலத்தில் இங்கிலாந்தோடு இருந்த தொடர்பு தளர்ந்தபோது, நாராயணன் 1942-இல் மைசூரில் 'இந்தியன் தாட்' என்ற பதிப்பகத்தைத் தாமே தொடங்கினார். 1943-இல் 'மால்குடி டேஸ்' கதைத் தொகுதி அதன் வாயிலாக வெளிவந்தது. ஆக, களகநாதரும் மாஸ்தியும் செய்ததையே ஆங்கிலத்தில் எழுதியவரும் செய்ய நேர்ந்தது. 1986-இல் சங்கர் நாக் இக்கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது, ஆகும்பே என்ற மலைநாட்டூர் மால்குடியாக மாறியது. நூலைப் படித்திராதவர்களும் சுவாமியைத் தேடி வந்தார்கள்.

மால்குடி என்ற பெயர், மல்லேசுவரத்தின் தலையையும் பசவனகுடியின் வாலையும் ஒட்டவைத்துச் செய்தது என்று பெங்களூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆசிரியர் சொன்ன கதையில் இரண்டு பேட்டைகளும் இல்லை. தானே தோன்றிய இரயில் நிலையமே உண்டு. எந்தப் பதிப்பகத்தாரும் எழுதாத இந்தச் செய்தியை மல்லேசுவரத்தாரும் பசவனகுடியாரும் தாமே கண்டு, தம் பிள்ளைகளுக்குச் சொல்லி, நூலையும் வாங்கிக் கொடுத்து வருகிறார்கள்.